பதினாறு எபிசோடும் மூன்று ஓலையும்

கொரியன் டிராமாவைப் பற்றி நம் பங்கில் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, சாமி. ஆம்பிளைப் பையன்கள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு திரிகிறார்கள், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்கள். பார்க்காதவர்கள் சொல்லும் பேச்சு அது. அதில் முக்கியம் உதடு இல்லை, ஒழுங்கு. பதினாறு எபிசோடு என்றால் பதினாறு. பதினேழாவதாக ஒரு மாமியாரைக் கொண்டுவந்து நிறுத்த மாட்டார்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டுக்கொண்டு இது என்ன பேச்சு என்று நினைக்கிறீர்கள். வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது ஈஸ்டருக்கு முன்னால். சொல்வதற்கு நிறையச் சேர்ந்திருக்கிறது. இதை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

சீனாக்காரர்கள் கதை அறுபது, எழுபது என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லோரும் வெள்ளைப் பட்டு உடுத்தி ஆகாயத்தில் பறப்பார்கள். துவைக்கிறவள் யார் என்று ஒரு எபிசோடிலும் காட்டியதில்லை. ஜப்பான்காரர்கள் நேர் எதிர். ஒரு மனிதர் ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுவதை முழுதாகக் காட்டி, ஜன்னலுக்கு வெளியே மழையைக் காட்டி, படம் முடிந்தது என்பார்கள். நல்ல படம்தான். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எழுந்து வர வேண்டியிருக்கும்.

பழி வாங்கத் தெரிந்தவர்கள் கொரியாக்காரர்கள்தான். நம் ஊர்ப் படத்தில் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், வெட்டுவார்கள், ஜெயிலுக்குப் போவார்கள். அவர்கள் அப்படி இல்லை. அடிபட்டவளுக்கு நல்லதாக ஒரு கோட்டு வாங்கிக் கொடுத்து, எதிரியின் பக்கத்து வீட்டில் குடிவைத்து, பழம் நறுக்கிக் கொடுத்தனுப்ப வைப்பார்கள். கடைசிவரை அவள் கையில் ஒரு கறை இருக்காது. எதிரி தன் கையாலேயே தன் வீட்டை இடித்துக்கொள்வான். பார்க்கிற நமக்கு மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவள் மெரின். சகாயநாதன், நிர்மலா இவர்களுடைய ஒரே பெண். இப்போது மூலக்குளம் ஊரே தேடிக்கொண்டிருக்கிறதே, அதே மெரின். என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். நான் தனி ஆள்; அப்பா விட்டுப்போன வீடு, மரியாயின் சேனை ஜெபக்கூட்டம், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. தெருவில் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவளை, “அத்தை, இதைப் பாரு, இன்னும் நல்லாருக்கும்” என்று டிவி பக்கம் திருப்பி உட்கார வைத்தது அந்தப் பிள்ளைதான். ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று வெள்ளை நெயில் பாலிஷ் வைத்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தோளில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். அவள் தலைமுடியில் வேப்பெண்ணெய் ஷாம்பு வாசம். சரி, அது கிடக்கட்டும்.

மகள் பின்னாலேயே தாயும் வந்தாள். நிர்மலாவுக்கு ரசனை கிடையாது, சாமி. புறம் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். இரண்டாம் எபிசோடிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

“பெர்னாக்கா, இவன் கடைசில அவளக் கட்டிக்கிறானா இல்லியா? அத மட்டும் சொல்லிடு, நான் போயி மீன் கழுவணும்.”

“பாத்தாதானடி தெரியும்.”

“அம்மாம் பொறுமைக்கு நான் எங்க போறது? மெரினு, போன்ல தட்டிப் பாருடி, இவன் சாவுறானான்னு.”

பார்த்துச் சொல்லியும்விடுவாள். நான் பதினோராவது எபிசோடில் இருக்கும்போது, சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அக்கா, அவன் சாவல, நினைவு தப்பிப் போயி திரும்பி வரான்” என்று கத்துவாள். அதைக்கூட மன்னித்திருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு கதையில் கல்யாண மண்டபம். பெண் அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், மாப்பிள்ளை வரவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நிர்மலா கேட்டாள், என்னக்கா என்று. அன்றைக்கு அவள் கேட்ட விதத்தில் கொஞ்சம் பிரியம் இருந்தது போலப்பட்டது. சொன்னேன். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

எனக்கும் ஓலை வாசித்திருக்கிறார்கள், சாமி. நீங்கள் அப்போது இந்தப் பங்கில் இல்லை. மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று வாசிப்பீர்களே, அப்படி முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு நான் புதுப் புடவை கட்டி, பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேறு இரண்டு ஜோடி பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள இடமாக ஒன்று கிடைத்திருந்தது. எங்களுக்குச் சொல்லியனுப்ப மறந்துவிட்டார்கள். பூசை நடுவில் எழுந்து போக முடியுமா? நாக்கை நீட்டி நன்மையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

நிர்மலா என் கையைப் பிடித்துக்கொண்டு, “விடுக்கா, நல்லதுக்குதான்” என்றாள்.

அப்புறம் மெரினுக்கு வரன் வந்தது. ஜெரின் என்ற பையன், பாரீசில் வேலை, குடும்பமே பிரெஞ்சு நேஷனாலிட்டி. நிர்மலாவுக்குக் கால் தரையில் இல்லை. மீன்காரியிடம்கூட “மெர்சி” சொன்னாள். நிச்சயதார்த்தம் பங்கு மண்டபத்தில் நடந்தது; நீங்களும் தலைப்பக்கம் உட்கார்ந்து கட்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மா, பொழுதுபோக்குக்கு என்ன செய்வீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டார். அவ்வளவுதான், நிர்மலா ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள்.

“எங்க பெர்னாக்கா கதைய கேளுங்க. டிவில எவளுக்கோ கல்யாணம் நின்னா, இவங்க இங்க மூக்கு சிந்துவாங்க. ஏன்னா இவங்களுக்கு ரெண்டு ஓலையோட நின்னுபோச்சு. மூணாவது ஓலைக்கு இப்புடி உக்காந்திருந்தாங்களாம்...”

புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, இன்னும் என் பெயர் வரவில்லையே என்று இடமும் வலமும் பார்க்கிற ஒருத்தியைச் செய்து காட்டினாள். நன்றாகவே செய்தாள். கூத்தில் சேர்ந்திருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா, “மொன் தியே, பாவம்!” என்று சொல்லிக்கொண்டே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், சாமி, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு. மெரின் சிரிக்கவில்லை. பல் தெரிந்தது, அவ்வளவுதான். போட்டோ எடுக்கிறவர் அப்படி நிற்கச் சொல்லியிருந்தார்.

போகும்போது நிர்மலா என் கையில் ஒரு பிரியாணிப் பொட்டலம் வைத்தாள். “கோவமாக்கா? சும்மா தமாசுக்குதான்.”

நான் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

இந்த இடத்தில் இரண்டாம் கதாநாயகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொரியன் கதையில் கதாநாயகி எப்போதும் முரட்டுப் பணக்காரனைத்தான் கட்டிக்கொள்வாள். குடை பிடித்தவன், காய்ச்சலில் கஞ்சி கொண்டுவந்தவன், அவன்தான் இரண்டாம் கதாநாயகன், கடைசியில் புன்னகை செய்துகொண்டு விமானம் ஏறுவான். எனக்கு அது எப்போதுமே அநியாயமாகப்படும். அவனை யாராவது கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும், கதையே மாறிவிடும் என்று மெரினிடம் சொல்வேன்.

மெரினுக்கு அப்படி ஒருத்தன் இருந்தான். பிரேம்குமார். வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இந்துப் பையன். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெரின் வேலை பார்க்கிற அதே கம்பெனி. மழை பெய்தால் வண்டியில் கொண்டுவந்து விடுவான். அவனுக்கும் இந்த டிராமாப் பைத்தியம் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று மூன்று பேரும் என் சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தோம். அவன் அவளைப் பார்த்ததையும் அவள் டிவியைப் பார்த்ததையும் நான் பார்த்தேன். அவன் போனபின் மெரின் சொன்னாள்: “நல்ல பிரெண்டு, அத்தை. வேற ஒண்ணுமில்ல. அவன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

ஆக எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். இங்கே பொய் சொல்லக் கூடாது.

நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவனை அடிக்கடி வரச் சொன்னேன். போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை. டிராமாவில் வில்லிகள் மாட்டிக்கொள்வது எப்போதும் போன் பேச்சால்தான்; அவர்களுக்கு வாய் இருப்பது மறந்துவிடுகிறது. எனக்கு அது மறப்பதில்லை. மார்க்கெட்டில் பார்ப்பேன், பஸ் ஸ்டாப்பில் பார்ப்பேன், வா, ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்பேன்.

“அவ சந்தோசமா இருக்காளா ஆன்ட்டி?”

“சந்தோசமா இருக்கிறவ எதுக்குப்பா எம் மடில படுத்து அழுவுறா?”

அழுதது உண்மை. பதினாலாவது எபிசோடில் கதாநாயகனின் அப்பா செத்துப்போனார். எதற்காக அழுதாள் என்று பிரேம்குமார் கேட்கவில்லை.

“அப்ப நான் என்னா பண்ணட்டும்?”

“நான் என்னாத்தப்பா சொல்றது. எங்க கோயில்ல மூணாவது ஓலை வாசிச்சிட்டு, தடை இருந்தா சொல்லுங்கன்னு கேப்பாங்க. அத்தோட சரி. அதுக்கப்புறம் யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க.”

“எழுந்து நின்னு சொல்லணுமா?”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். ஓலைக்குத் தடை சொல்கிறவன் பூசை முடிந்து சாமியார் அறை வாசலில் நின்று காதோடு காதாகச் சொல்ல வேண்டும், கோயிலுக்குள் எழுந்து நின்று கத்தக் கூடாது என்பது ஞானஸ்நானம் வாங்கின குழந்தைக்குக்கூடத் தெரியும். திரௌபதி அம்மன் திருவிழாவில் வளர்ந்த பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் பார்த்த கோயில் கல்யாணமெல்லாம் கொரியாவில் நடந்தவை. அங்கே எழுந்துதான் நிற்பார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவைத்தேன். என்ன ஆனாலும் என் பெயரை இழுக்காதே, நான் வெளியே இருந்தால்தான் அவளுக்கு உதவ முடியும். அவன் தலையாட்டினான். அந்தக் கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, மூன்றாவது ஓலையன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். அவன் ஆண்கள் பக்கம் கடைசித் தூணருகே எழுந்து, “சாமி சார், எனக்குத் தடை இருக்கு” என்றான். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அப்புறம் மெரினுக்கு இதில் இஷ்டமில்லை, என்னைத்தான் கட்டிக்கொள்வாள் என்று சொல்லிப் போனைத் தூக்கிக் காட்டினான். அதில் இருந்தது கிறிஸ்துமஸ் அன்று எடுத்த போட்டோ: மெரின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இதயம் காட்டுகிறாள். டிராமா பார்க்கிறவர்கள் எல்லோரும் கேமராவைக் கண்டால் அப்படித்தான் காட்டுவார்கள். அன்றைக்குக் காட்டியது அவனுக்கு இல்லை, கேமராவுக்கு. கேமரா என் கையில் இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா டிராமா பார்க்கிறவர் இல்லை.

சகாயநாதன் அவனை அடித்தார், பெஞ்சுகள் நகர்ந்தன, மாப்பிள்ளை வீட்டார் கார் ஏறினார்கள். நான் நிர்மலாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் புடவை. முன்வரிசை. எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் இடமும் வலமும் பார்த்தாள். அவள் செய்து காட்டியதைவிட நன்றாக இருந்தது.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டுச் சத்தம் சந்து தாண்டிக் கேட்டது. சகாயநாதன் பெண் மேல் கைநீட்டினார். நிர்மலா, “எங்கயாவது போயித் தொலை, எம் மூஞ்சில முழிக்காத” என்றாள். தெருவில் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்த நேரம். மெரின் பின்கட்டு வழியாக என் வீட்டுக்கு வந்தாள். ஒரு செருப்புத்தான் காலில் இருந்தது.

அவளாகத்தான் வந்தாள். நான் கூப்பிடவில்லை. உள்ளறை ஜன்னலுக்குத் தடித் துணியில் புதுத் திரை அதற்கு முன்பே தைத்துப் போட்டிருந்தேன், வெயில் காலம்.

ஆமாம், சாமி. என் வீட்டில்தான் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். மீன் குழம்பு வைத்தால் இரண்டு கவளம் கூடச் சாப்பிடுகிறாள்.

முதல் நாள் அவள் போனில் உறவுக்காரர்கள் திட்டி அனுப்பியதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனை மடியில் கவிழ்த்தாள். நான்தான் வாங்கி அணைத்து வைத்தேன். அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமா அத்தை என்றாள். உன் அம்மா உன்னைச் செத்தவளாக நினைத்துத் தலை முழுகிவிட்டாள், உன் ஆத்துமத்துக்குப் பூசை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டில் மோசடிக் கேஸ் கொடுத்திருக்கிறார்கள், போலீஸ் உன்னைத் தேடுகிறது என்றும் சொன்னேன். பெண்ணைக் காணவில்லை என்று நிர்மலா கொடுத்த புகாருக்கு மறுநாள் ஜீப் வந்தது. மெரின் திரை இடுக்கில் அதைப் பார்த்தாள். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டில் மூலையில் சுருண்டுகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா என் வாசலிலேயே நின்று விசாரித்தார். தெருவைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று எதிர்வீட்டுக் கமலா கைகாட்டிவிட்டிருக்கிறாள். பிரேம்குமாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அவன் இப்போது ஸ்டேஷனில் இருக்கிறான். பெண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்களாம். என் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் கதாநாயகர்கள் சொல்ல மாட்டார்கள்.

முந்தாநாள் நிர்மலா என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். தலை வாரவில்லை. “பாழாப்போன வாயால போயித் தொலைன்னு சொல்லிட்டேனே பெர்னாக்கா. உசுரோட இருக்காளா இல்லியா, அத மட்டும் யாராச்சும் சொன்னா போதும்க்கா.”

“மாதாவ நம்பு, நிர்மலா. வருவா.”

அப்போது உள்ளறையில் மெரின் சிரித்தாள். காதில் ஹெட்போன் மாட்டி ஒரு வேடிக்கைத் தொடர் போட்டுக் கொடுத்திருந்தேன். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நிர்மலா தலை தூக்கினாள்.

“யாருக்கா உள்ள?”

“டிவி ஓடுது.”

எழுந்து நின்று காதைத் தீட்டிக் கேட்டாள். அப்புறம் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். பெற்றவளுக்குத் தன் பெண்ணின் சிரிப்பு தெரியவில்லை. அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

மெதுவாகப் பேசுங்கள், சாமி. இன்றைக்கே கொண்டுபோய் விடு என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்டுவிடும். தொட்டியில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது, சைகையாலும் காட்டக் கூடாது என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். இந்த வாரம் நீங்கள் என் வீட்டுக்கே வந்து விசாரித்தபோது நான் வாய் திறக்காமல் இருந்தது அதனால்தான். அங்கே சொன்னால் நீங்கள் நேராகச் சந்து தாண்டி நிர்மலாவிடம் போயிருப்பீர்கள். இங்கே சொன்னால் உங்கள் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும், தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இப்படி ஒரு கதையை ஒருத்தி மட்டும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்?

எனக்குப் பின்னால் முட்டி போட்டிருப்பது நிர்மலாதான். அடுத்தது அவள். இதே வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு, என் பிள்ளை எங்கே என்று உங்களைக் கேட்பாள். ஏதாவது ஆறுதல் சொல்லுங்கள்.

பாவப்பொறுத்தல் தர முடியாது என்கிறீர்கள். இதற்கு நான் கேட்கவில்லையே. நான் யாரையும் அடைத்து வைக்கவில்லை. கதவுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள். அவள் திறந்துகொண்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். வெளியே தனக்கு யாரும் இல்லை என்று அவளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதற்கு நான் என்ன செய்வேன்?

பாவம் என்று நான் சொல்ல வந்தது வேறு. போன ஞாயிறு பூசை காணவில்லை. புறப்பட்டு வாசல்வரை வந்தேன். “என்னத் தனியா விட்டுட்டுப் போவாத அத்தை” என்று பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டது. பெற்ற தாய் விட்டுவிட்டு வருவாளா, சாமி, நீங்களே சொல்லுங்கள்.